சபையில் எழுந்து கேட்பவர்

சம்பளம் வாங்காமல் எல்லோருக்காகவும் உழைக்கிற ஒருவரிடம் போய்க் கணக்குக் கேட்பது தர்மம்தானா? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறப்புப் பொதுக்குழுவில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உள்ளபடியே மனம் நொந்து கேட்டார். தினமும் விடியற்காலையில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே மொட்டை மாடியில் நடப்பவர் அவர். யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். அவர் கேட்டதால்தான் அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கை முடிந்த கணக்கை அதன் முன் வைக்க வேண்டும், பிறகு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்கலாம். இப்போது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022-இல் இயற்றிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் வந்து, 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கேட்கிற உரிமை உண்டு, அதில் தகராறு இல்லை. உரிமை இருக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் நல்ல காரியமாகிவிடுமா என்பதுதான் பெரியவரின் கேள்வி. அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். 2019 கோடை சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. எங்கள் குடியிருப்பு மடிப்பாக்கத்துக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டு போர்வெல்லிலும் காற்றுதான் வந்தது. 12,000 லிட்டர் லாரிகள் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வந்து சம்ப்பில் தண்ணீரை இறக்கிவிட்டுப் போகும். விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. எங்கள் செயலாளர் ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. அந்தக் கோடை முழுக்க அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். லாரிக்காரருக்குப் போன் போட்டுக் கெஞ்சுவார், லாரி வந்ததும் கீழே இறங்கி நிற்பார், பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். நாங்கள் தண்ணீரில்லாமல் தவிக்கவில்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆவணி மாதம் தண்ணீர்ச் செலவுக்கான கூடுதல் வசூலை ஒப்புக்கொள்வதற்காகச் சிறப்புப் பொதுக்குழு கூட்டினார்கள். ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். ‘தண்ணீர்’ என்று ஒரு வரி, எதிரே ஒரு பெரிய தொகை. நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே வரியில் இருக்கும் பெரிய தொகையைப் பார்த்தால் அதன் பின்னால் இருக்கும் வவுச்சரைத் தேடாமல் என்னால் இருக்க முடியாது. பில்களைக் கேட்டேன், பொருளாளர் மறுக்காமல் கொடுத்தார். இன்னொன்றும் என்னிடம் இருந்தது. எங்கள் இரவுக் காவலர் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு லாரியும் வந்த நேரத்தையும் வண்டி எண்ணையும் எழுதி வைத்திருந்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. முன்பு ஒரு ஆலையின் கேட்டில் வேலை பார்த்தபோது பழகிய பழக்கம். பில்களில் இருந்த லோடுகளும் அந்த நோட்டில் இருந்த லாரிகளும் ஒத்துவரவில்லை. பில்லில் லோடு அதிகம்.

கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “பில்லையும் கேட் நோட்டையும் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு வசூலை ஒப்புக்கொள்ளலாமா?”

செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. “என்னை நம்பலையாம்மா நீங்க?” என்றார். அதன் பிறகுதான் பெரியவர் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். பின்வரிசையில் ஒருவர், இதெல்லாம் வெளியே தெரிந்தால் ஃபிளாட் விலை என்ன ஆகும் என்று சத்தம் போட்டார். தீர்மானம் நிறைவேறியது. மினிட்ஸ் புத்தகத்தில் ‘ஏகமனதாக’ என்று எழுதினார்கள். அன்று இரவு வாட்ஸாப் குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று மாற்றினார்கள். மறுநாள் முதல் லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டிலும் ஒவ்வொருவராக என்னிடம் வந்து, “நீங்க கேட்டது சரிதான் அக்கா” என்று தணிந்த குரலில் சொன்னார்கள். அடுத்த வாரம் காவலர் ஏஜென்சி அந்த இரவுக் காவலரை வேறு இடத்துக்கு மாற்றியது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். நன்றி பெரிய தர்மம் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். உதவி செய்தவரைச் சந்தேகிப்பது நன்றி கெட்ட செயல் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் நன்றிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் தெளிவாகச் சொன்னார். நாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்த பெரியவர்களுக்கு நன்றியோடு இருப்பதில் தவறில்லை. தன் மானத்தை விலையாகக் கொடுத்து எந்த மனிதனும், தன் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்து எந்த நாடும் நன்றி காட்ட முடியாது என்று அயர்லாந்துத் தலைவர் ஓ’கானலை எடுத்துக்காட்டிப் பேசினார். பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சீரழிவுக்குத்தான் வழி என்பது அவர் கருத்து. அறுபது எழுபது வீடுகள் சேர்ந்த சங்கம் ஒரு நாடு இல்லைதான். ஆனால் அங்கேயும் பொதுப் பணம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, அந்த அதிகாரத்தைச் செலுத்தும் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். அவர் நல்லவராக இருப்பதாலேயே நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

பெரியவருக்கு அம்பேத்கரைவிட மகாபாரதம் நெருக்கம் என்று எனக்குத் தெரியும். அவர் தினமும் சொல்லும் சகஸ்ரநாமம் பாரதத்தின் அனுசாசன பர்வத்தில் வருவது. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் தருமனுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதே பீஷ்மர் அஸ்தினாபுரத்துச் சபையில் திரௌபதி கேள்வி கேட்டபோது என்ன சொன்னார்? தர்மம் நுட்பமானது, என்னால் முடிவு சொல்ல முடியவில்லை என்றார். அங்கே இருந்தவர்களில் யாரும் தர்மம் தெரியாதவர்கள் இல்லை. எல்லோரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது எழுந்தவன் விகர்ணன், துரியோதனனின் தம்பி. திரௌபதி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்று அரசர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒருவரும் வாய் திறக்காததால் தானே தீர்ப்புச் சொன்னான். அவள் தோற்கப்படவில்லை என்றான். அவன் சொன்ன பிறகு சபையில் ஆரவாரம் எழுந்தது, பலரும் அவனைப் புகழ்ந்தார்கள். அதுவரை அந்தப் பலரும் எங்கே இருந்தார்கள் என்று எனக்கு எப்போதும் கேட்கத் தோன்றும்.

கர்ணன் உடனே விகர்ணனை அடக்கினான். நீ சிறுவன், அரணிக் கட்டையில் பிறந்த நெருப்பு அந்தக் கட்டையையே எரிப்பது போலப் பிறந்த குடியையே அழிக்கப் பார்க்கிறாய் என்றான். எங்கள் கூட்டத்தில் ஃபிளாட் விலையைப் பற்றி எழுந்த குரலும் இதைத்தான் சொன்னது. சொந்த வீட்டுக்கு நெருப்பு வைக்கிறாய் என்பது, எதிர்த்துக் கேட்பவர்மேல் அன்றைக்கும் இன்றைக்கும் முதலில் விழும் பழி.

பிறகு விதுரர் எழுந்து ஒரு பழங்கதை சொல்கிறார். பிரகலாதனின் மகன் விரோசனனுக்கும் சுதன்வன் என்ற முனிகுமாரனுக்கும் யார் உயர்ந்தவர் என்று வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பிரகலாதன். தன் மகனுக்கு எதிராகச் சொல்ல வேண்டியிருக்குமே என்று திகைத்துக் காசியபரிடம் யோசனை கேட்கிறார். அங்கே வரும் கணக்கு எனக்கு உறக்கம் கெடுத்த கணக்கு. சபைக்கு ஒரு தர்மப் பிரச்சினை வந்து, கண்டிக்க வேண்டியதை அந்தச் சபை கண்டிக்காமல் விட்டால், பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்குப் போகும். கால் பங்கு செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு சும்மா உட்கார்ந்திருந்த சபையோருக்கு. கண்டித்துவிட்டால் தலைவனுக்கும் பாவமில்லை, சபையோருக்கும் பாவமில்லை, செய்தவனுக்கே முழுதும் போய்ச் சேரும். பிரகலாதன் மகனுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார்.

தணிக்கைக்காரி என்பதால் இந்தப் பங்கீட்டை வரி வரியாகப் பார்க்கிறேன். செய்தவனைவிடத் தலைவனுக்கு இரண்டு மடங்கு. தலைவன் எதையும் திருடவில்லை என்றாலும் அது அவன் தலையில். சபையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால் அந்தப் பாதியும் அவன் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. அப்படியானால் கேள்வி கேட்பவர் தலைவனுக்குச் செய்வது துரோகமா, உபகாரமா? நம் செயலாளர்மேல் உண்மையிலேயே நன்றி இருந்தால், அவரை அந்தப் பாதிப் பாவத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியுமா? பெரியவருக்கு நான் சொல்ல விரும்பிய பதில் இதுதான். நன்றிதான் என்னை எழுந்து கேட்கவைத்தது.

எங்கள் வீடு சைவ வீடு. அதனால் சுந்தரமூர்த்தி நாயனாரைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கல்யாணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து, உன் பாட்டனார் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, துரத்திப் பிடித்து ஓலையைக் கிழித்துப் போடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அந்தச் சபையார் என்ன செய்தார்கள்? வயதான வேதியர் சொல்கிறார், நம்பிவிடலாம் என்று விடவில்லை. அனுபோகம், ஆவணம், சாட்சி இவற்றில் ஒன்றைக் காட்டு என்றார்கள். கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தார். பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள்.

வந்தவர் சிவபெருமான். மூவுலகத்துக்கும் உடையவர் ஊர்ச் சபையின் முன் நின்று, கேட்ட ஆவணத்தைக் கேட்டபடி காட்டினார். என்னை நம்பவில்லையா என்று அவர் கேட்கவில்லை. முடிவில் சுந்தரருக்கு வன்தொண்டன் என்று பெயர் வைத்து, என்னைப் பித்தன் என்று ஏசினாயே, அப்படியே பாடு என்றார். தேவாரத்தில் சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறை அந்த வசவிலிருந்துதான் தொடங்குகிறது. வன்மையாக வாதாடியவனைத் தோழனாக ஏற்றுக்கொண்ட தெய்வத்தைக் கும்பிடுகிற நாம், லாரித் தண்ணீர் பில்லைக் கேட்டவரைக் குழுவில் வாயடைக்கிறோம்.

கணக்கு உலக விவகாரம், சத்தியம் ஆன்மிக விவகாரம் என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்குக் காந்தி தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டதை நினைவூட்டலாம். நேட்டால் இந்தியக் காங்கிரசை 1894-இல் தொடங்கியபோது, பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பெரிதாக நினைக்கவில்லை. இவர்தான் வற்புறுத்தி ரசீது கொடுத்தார். சரியான கணக்கு இல்லாமல் சத்தியத்தை அதன் தூய்மையில் காக்க முடியாது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். என் வேலைக் காலத்தில் பார்த்ததும் இதுதான். ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தில் இரண்டு மாடு வைத்திருந்த ஒரு அம்மா, கொழுப்பு அளவைப் பாஸ்புக்கில் எழுதித் தரும் வரை இடத்தைவிட்டு நகர மாட்டார். செயலருக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். ஆனால் அந்தச் சங்கத்தின் பேரேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகவே நிறைவேறிய சங்கங்களில் ரொக்கப் புத்தகத்தை நாங்கள் இரண்டாம் முறையும் கூட்டிப் பார்ப்போம். பெரும்பாலும் ஏதாவது இருக்கும்.

சொந்த வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய சபை என்று பார்த்தால், எங்கள் சங்கத்துக்கு ஆயிரம் ஆண்டு முன்னோடி ஒன்று காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். முப்பது குடும்பு, குடவோலை என்பது வரை பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். கணக்கைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாரியத்தில் நிற்க வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. இதையெல்லாம்விட, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய தந்தை, மகன், சகோதரர், மாமனார், மருமகன், மைத்துனர் என்று நெருங்கிய உறவினர் வரிசை முழுவதற்கும் அதே தடை.

ஓலை எடுக்கும் முறையைப் பாருங்கள். ஓலை இட்ட குடத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அந்த ஊரார் ஒருவரையொருவர் திருடர் என்று நினைத்தார்களா? இல்லை. நம்பிக்கை என்பது ஒவ்வொரு முறையும் கண்ணெதிரே காட்டிப் புதுப்பிக்க வேண்டிய பொருள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். 919-இல் எழுதிய விதி போதவில்லை என்றதும் இரண்டே ஆண்டில் திருத்தி மறுபடி கல்லில் வெட்டினார்கள். எங்கள் சங்கத்தின் துணைவிதியைத் திருத்தலாம் என்றால், பில்டர் காலத்தில் எழுதியது, அதைத் தொடக் கூடாது என்கிறார்கள்.

எதிர்க்கேள்விக்கும் பொறுப்பு வேண்டும். அதையும் பழைய சபை ஒன்று கல்லில் எழுதியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், ஏறக்குறைய கி.பி. 800-இல் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு அது. சபையில் வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று சொல்லிக் காரியத்தைக் குலைப்பவரும் அவருக்குத் துணை நிற்பவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். இது நியாயமான விதி. எல்லாக் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் உண்டு. பெயிண்ட் நிறத்துக்கும் எதிர்ப்பார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்க்கவும் எதிர்ப்பார், போன தேர்தலில் தோற்றதை மறக்க மாட்டார். அவரால் உண்மையான கேள்விக்கும் மதிப்புப் போய்விடுகிறது. ஆனால் மானூர்ச் சபை என்ன செய்தது என்று கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே நிற்பவருக்குத்தான் தண்டம். ஒரு காரியத்தில் மாறுபட்டவருக்கு இல்லை.

பௌத்த சங்கத்தில் இதற்கு இன்னும் அழகான ஏற்பாடு இருந்தது. மழைக்கால மூன்று மாதங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து தங்கிய பிக்குகள், கடைசி நாளில் பவாரணை என்ற சடங்கைச் செய்வார்கள். மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவரும் கைகூப்பி, என்னிடம் குற்றம் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டிருந்தாலோ கருணையோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று சங்கத்தைக் கேட்பார். யாரும் தன்மேல் பழி சொல்லுமுன்பே தானே கேட்டுக்கொள்கிறார். அங்கே கேள்வி கேட்பவருக்குத் தைரியம் வேண்டியதில்லை, அவமானமும் இல்லை. ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்ந்த கூட்டத்துக்குத்தான் இப்படி ஒரு நாள் தேவை என்று புத்தர் கண்டுகொண்டார். கோசாம்பியில் கழிப்பறைப் பாத்திரத்தில் மீதித் தண்ணீரை விட்டது குற்றமா என்று தொடங்கிய தகராறில் சங்கமே இரண்டாகப் பிளந்து, புத்தர் சொல்லியும் கேளாமல், அவர் காட்டுக்குப் போய்விட்டதாக வரலாறு உண்டு. தண்ணீர்த் தகராறு எவ்வளவு பெரிதாக வளரும் என்று அவர் பார்த்தவர்.

எங்கள் தகராறின் முடிவையும் சொல்ல வேண்டும். புரட்டாசியில் செயலாளரே என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பில்களையும் நோட்டின் நகலையும் பரப்பி, பொருளாளரோடு மூவரும் உட்கார்ந்தோம். அதிகப்படி லோடு எழுதியது தண்ணீர் சப்ளை செய்தவர். செயலாளர் தூக்கக் கலக்கத்தில் வந்த பில்லுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு ரூபாய்கூட அவர் தொடவில்லை. சப்ளையர் முதலில் சத்தம் போட்டார், பிறகு ஒரு பகுதியை அடுத்த பில்களில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதற்குள் படிக்கட்டுப் பேச்சு தன் வேலையைச் செய்திருந்தது. கூட்டத்தில் என்னோடு எழுந்து நிற்காதவர்கள் படிக்கட்டில் செயலாளருக்குப் புது கார் எங்கிருந்து வந்தது என்று பேசினார்கள். கார் அவர் மகன் அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பி வாங்கியது. அந்த நவராத்திரிக்கு அவர் மனைவி யார் வீட்டுக் கொலுவுக்கும் போகவில்லை. சபையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் சபையிலேயே தீர்ந்திருக்கும் விஷயம். பதில் சொல்ல இடமில்லாத இடத்தில் பேசியதால் அது ஒரு நல்ல மனிதரின் பெயரை ஒரு மாதம் தின்றது. ஒற்றுமை கெடக் கூடாது என்று பொதுக்குழுவில் வாய் மூடியிருந்தவர்கள்தான் அந்த ஒற்றுமையைக் கெடுத்தார்கள். என் தீர்ப்பு இது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு மனிதர் மிச்சம் இருக்கிறார். அந்த இரவுக் காவலர். உண்மையை எழுதி வைத்தவர் அவர். எழுதியதற்கு விலை கொடுத்தவரும் அவர் ஒருவரே. நான் ஏஜென்சிக்கு இரண்டு கடிதம் எழுதினேன், நேரில் போயும் பேசினேன். அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் ஒரு குடோனில் போட்டிருப்பதாகத் தெரிந்துகொண்டேன். சங்கத்தில் அவருக்கு ஓட்டு இல்லை, கேள்வி கேட்கும் இடமும் இல்லை. எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் வாடகைக்காரர்கள். அதே லாரித் தண்ணீரைக் குடித்து, அதற்குப் பணமும் கட்டியவர்கள். அவர்களும் உறுப்பினர் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உத்திரமேரூர்ச் சபையை நான் இவ்வளவு புகழ்ந்தாலும் அதையும் மறைக்கக் கூடாது. அது பிரமதேய ஊர். வேதம் கற்ற, நிலமுள்ள ஆண்களின் பெயரைத்தான் ஓலையில் எழுதினார்கள். என் பெயரை எழுதியிருக்க மாட்டார்கள். அந்த ஊரின் ஏரியை வெட்டியவர்களின் பெயரையும் எழுதியிருக்க மாட்டார்கள். கணக்கை யார் காட்ட வேண்டும் என்பதில் அவ்வளவு தெளிவாக இருந்தவர்கள், யாருக்குக் காட்ட வேண்டும் என்பதில் குறுகிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து நாங்களும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். ஓட்டில்லாதவர் கேட்க முடியாது என்பதால், ஓட்டிருக்கிற நாம் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நான் நினைக்கிறேன். விதுரர் சொன்ன கால் பங்கு நம் பேரில் எழுதப்படுவது இங்கேதான்.

இப்போது எங்கள் கேட்டில் லாரிப் பதிவேடு ஒன்று சங்கத்தின் முத்திரையோடு இருக்கிறது. காவலரும் அன்று முறையிருக்கும் வீட்டுக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வாடகைக்காரர் உள்பட யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு மீதான கேள்விகளே முதல் அஜெண்டா. முதல் ஆண்டில் செயலாளரே எழுந்து, என் கணக்கில் யாருக்காவது ஐயம் இருந்தால் இங்கேயே கேளுங்கள் என்றார். அவர் பவாரணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மாறுபட்ட கருத்தைச் சொன்னவரின் பெயரோடு மினிட்ஸில் எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை மட்டும் இரண்டு முறை கொண்டுவந்தும் நிறைவேற்ற முடியவில்லை. மூன்றாம் முறையும் கொண்டுவருவேன். பெரியவர் இந்த முறை ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் பலரும் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பீர்கள். அடுக்குமாடிச் சங்கமோ, நகர் நலச் சங்கமோ, கோயில் கமிட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கணக்குக் கேட்டால், மறுநாள் படிக்கட்டில் வந்து அவரைப் பாராட்ட வேண்டாம். அவர் உட்காருவதற்கு முன்பே நீங்களும் எழுந்து, பதில் கிடைத்த பிறகு தீர்மானத்துக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.